விளக்கால் ஒரு வணக்கம்
மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். அமெரிக்காவில் இதற்கு மியாட்டா என்று பெயர். எதிரே இன்னொரு மியாட்டா வந்தால் ஓட்டுபவர் கையசைப்பது அங்கே வழக்கம். முதல் தலைமுறைக் கார் என்றால் முகப்பு விளக்குகளே வணக்கம் சொல்லிவிடும். அவை பானெட்டுக்குள் படுத்துக் கிடப்பவை. பொத்தானை அழுத்தியதும் மோட்டார் மெல்ல முனக, இரண்டும் தவளைக் கண்களாய் எழும்பும். மறுபடி அழுத்தினால் மடங்கிக்கொள்ளும். முன்பின் தெரியாத இருவர் பேசாமலே நலம் விசாரித்துக்கொள்ளும் அந்த ஒரு நொடி அத்தனை அழகு! இரண்டாம் தலைமுறையில் விளக்குகள் அசையாதவை ஆகிவிட்டன. அது பெரிய இழப்புதான். 1953-இல் பிறந்த கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் உரிமையாளர்களிடமும் இந்தக் கையசைப்பு உண்டு. புதிதாக வாங்கியவருக்கு முதலில் திகைப்பாக இருக்கும். சீக்கிரமே அவர் கையும் தானாக உயர்ந்துவிடும்.