வெயிலில் காய்ந்த பற்றரியும் கிற்றார் பெடலும்

1990இல் இலங்கையில் போர் மறுபடி மூண்டபின் வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பற்றரியும் ஒன்று. கரண்டும் இல்லை. அந்தக் காலத்தில் றேடியோ கேட்பதே ஒரு கைவேலைதான். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் செய்தி ஓடும். களைத்த பற்றரிகளை வெயிலில் போட்டெடுத்து, நாலைந்தைத் தொடராக இணைத்து, இன்னும் கொஞ்சம் இழுப்பார்கள்.

வெயில் பற்றரியைச் சார்ஜ் பண்ணாது. களைத்த உலர்மின்கலத்தில் சரக்கு முற்றாகத் தீர்ந்திருப்பதில்லை, அகத்தடை ஏறியிருக்கும். சூடுபட்டால் உள்ளே அயன்கள் விரைந்து நகரும், தடை சற்றே இறங்கும். இரண்டு பாட்டுக் கேட்க அது போதும்.

இன்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிற்றார் வாசிக்கிறவர்கள் 9 வோல்ற்றுப் பெட்டிப் பற்றரி வாங்கும்போதும் கேள்வி அதே அகத்தடைதான். அந்தப் பற்றரியைப் பிரித்தால் 1.5 வோல்ற்றுக் கலங்கள் ஆறு இருக்கும். மலிவான நாகம்-காபன் வகையின் அகத்தடை சில பத்து ஓம். அல்கலைன் வகைக்குச் சில ஓம்தான். கணக்குப் போடுங்கள். கிற்றாரின் ஒலிக்கு எதிரொலி தரும் டிஜிற்றல் பெடல் 80 மில்லியம்பியர் இழுக்கிறது என்றால், 30 ஓம் அகத்தடையில் 2.4 வோல்ற்று பற்றரிக்குள்ளேயே விழுந்துவிடும். மிச்சம் 6.6. அல்கலைன் தாங்கும், ஆனால் சில மணி நேரம்தான். அப்படியான பெடலுக்கு அடப்ரரே சரி.

ஓவர்டிரைவ் பெடல் பெரும்பாலும் 10 மில்லியம்பியருக்குள் அடங்கும். அக்கூஸ்ரிக் கிற்றாரின் பிரீஅம்ப் அதிலும் குறைவாகவே இழுக்கும். இரண்டுக்கும் அல்கலைன் நல்லது. பிரீஅம்பில் பற்றரி இறங்கினால் பலமாக அடிக்கும் இடங்களில் ஒலி கரகரக்கும். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர் அதைக் கேட்டதும் வயரைச் சந்தேகிப்பார், பிறகு ஸ்பீக்கரை. முதலில் பற்றரியைப் பாருங்கள்.

1966இல் இங்கிலாந்தில் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடல் ஒரு விதிவிலக்கு. அதன் ஜேர்மேனியம் திரான்சிற்றர்களுக்கு மலிவான நாகம்-காபன்தான் உயிர் என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் உண்டு. பெடல் இழுப்பதோ 1 மில்லியம்பியர் அளவு. 30 ஓமில் விழுவது 0.03 வோல்ற்று. அதைக் காது பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பாதி தேய்ந்து 8 வோல்ற்றுக்கு இறங்கிய பற்றரி அந்தப் பெடலின் குரலை மாற்றத்தான் செய்யும். ஆகவே பழசை எறிய அவசரப்பட வேண்டாம்.

பெரும்பாலான பெடல்களிலும் பிரீஅம்புகளிலும் தனிச் சுவிற்ச் கிடையாது. வயரைச் செருகியதும் பற்றரியின் சுற்று மூடிவிடும். வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றுங்கள். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பற்றரியையும் எடுத்துவிடுங்கள். கசிந்தால் செப்புக் கம்பிகளை அரித்துவிடும்.