சுடாமல் வெட்டும் ஒளி

கண்வைத்தியர் லேசர் சிகிச்சை என்றதும் எம்மவரிற் பலர் கேட்கும் முதற் கேள்வி, "கண்ணைச் சுட்டுவிடாதா?" என்பதே. கேள்வி நியாயமானது. இரும்புத் தகட்டையே அறுக்கும் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்த எவர்தான் மனமுவந்து இணங்குவர்? விடை, அவ்வொளி பாயும் நேரத்தின் குறுக்கத்தில் இருக்கின்றது.

ஒரு செக்கனைப் பத்து இலட்சம் கூறாக்கி, அதில் ஒன்றை மீண்டும் நூறு கோடி கூறாக்கினால் கிடைப்பது ஒரு பெம்ரோசெக்கன். செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடும் ஒளி, இந்நேரத்தில் ஒரு தலைமயிரின் தடிப்பைத்தானும் கடந்துவிடாது. சில நூறு பெம்ரோசெக்கன்களே நீடிக்கும் ஒளித்துடிப்பு திசுவின் ஒரு புள்ளியிற் குவியும்போது, அங்குள்ள அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிடுங்கப்பட்டு, அப்புள்ளி நுண்குமிழியாகிவிடுகின்றது. வெப்பம் அயலுக்குப் பரவ அவகாசம் கிடைப்பதில்லை.

இத்தகைய துடிப்புக்களை உண்டாக்குவது 1980களின் முற்பகுதியிலேயே இயலுமாயிருந்தது. அவற்றுக்கு வலுவூட்டுவதுதான் இயலவில்லை. குறுகிய நேரத்துள் பெருஞ் சக்தி நெருக்குண்டால், ஒளியைப் பெருக்கும் கருவியே சிதைந்துபோகும்.

இம்முடிச்சை அவிழ்த்தவர்கள், அமெரிக்காவின் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பிரெஞ்சுப் பேராசிரியர் ஜெரார் மூரூவும், கனடாவின் குவெல்ப் நகரிற் பிறந்த அவரது மாணவி டொனா ஸ்ரிக்லண்டும் ஆவர். அவர்கள் துடிப்பை 1.4 கிலோமீற்றர் நீளமான ஒளியியல் நாரினூடாகச் செலுத்தினர். நாரினுள் நீண்ட அலைநீளங்கள் முந்தின, குறுகியவை பிந்தின. துடிப்பு இவ்வாறு நீண்டு மெலிந்தது. மெலிந்ததைப் பெருக்குவதில் ஆபத்தில்லை. பெருக்கிய பின், நுண்கோடுகள் கீறப்பட்ட இரு தகடுகளில் அதை விழச்செய்து, முந்தியவற்றை நீண்ட வழியிலும் பிந்தியவற்றைக் குறுக்கு வழியிலும் அனுப்பினர். எல்லாம் மீண்டும் ஒன்றுசேர்ந்தன. ராடர் பொறியியலாளர் வானொலி அலைகளில் முன்னரே கையாண்ட உபாயம் இது.

1985இல் வெளிவந்த அக்கட்டுரை மூன்றே பக்கங்கள். ஸ்ரிக்லண்டின் முதலாவது ஆய்வுக் கட்டுரையும் அதுவே. கட்டுரைகளை எண்ணி ஆய்வாளரை அளக்கும் பல்கலைக்கழக நிர்வாகிகள் இதனைச் சற்று யோசிப்பார்களாக. 2018இல் இருவருக்கும் பௌதிகவியல் நோபல் பரிசின் ஒரு பாதி பகிர்ந்தளிக்கப்பட்டபோது, அவர் வாட்டலூ பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராகவே இருந்தார்.

இவ்வொளி கண்வைத்தியத்துள் நுழைந்தது ஒரு விபத்தினால். மூரூ பின்னர் பணியாற்றிய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், 1990களின் முற்பகுதியில், ஆய்வு மாணவர் ஒருவரின் கண்ணில் லேசர் பட்டுவிட்டது. காயத்தைச் சோதித்த இளம் வைத்தியர் வியப்படைந்தார். சுற்றியுள்ள திசு சிதையாது, காயம் அத்துணைத் துல்லியமாக இருந்தது. அந்த வியப்பே கூட்டாய்வாக வளர்ந்தது.

இன்று பார்வைத் திருத்தச் சிகிச்சையில், கண்ணின் முன்புறத்துள்ள தெளிந்த படலத்தில் மெல்லிய மடலொன்றைப் பிரிக்க, முன்னர் பயன்பட்ட அலகுக்குப் பதிலாகப் பெம்ரோசெக்கன் லேசர் பல இடங்களிற் பயன்படுகின்றது. ஒளி மேற்பரப்பைத் தாக்காது கடந்து, உள்ளே குவியும் ஆழத்தில் மாத்திரம் குமிழிகளை வரிசையாக இடுகின்றது. அவ்வரிசை வழியே மடல் எழும்புகிறது. அதன்பின் படலத்தின் வளைவைச் செதுக்குவது எக்சைமர் எனும் வேறொரு புறஊதா லேசர். எனவே வைத்தியரிடம் "எந்த லேசர், எந்தக் கட்டத்திற்கு?" என இரண்டையும் பிரித்துக் கேட்பதே பொருத்தம். மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்துச் செல்லலாம்.