பறவை கூடும் இடத்தில் திமிங்கலம்

திமிங்கலம் பார்க்கப் படகேறுகிறவர்கள் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். படகோட்டியின் கண் வானத்தில் இருக்கும். தொலைவில் பறவைகள் கூட்டமாக வட்டமிட்டு, விழுந்து, மறுபடி எழுந்தால் படகை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். கீழே இரை மேலேறிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையிலிருந்து கோடையில் கிளம்பும் படகுகள் பலவும் போய்ச்சேரும் இடம் ஸ்டெல்வாகன் திட்டு. கேப் ஆன், கேப் காட் என்ற இரு நிலமுனைகளுக்கு நடுவே கடலுக்கடியில் கிடக்கும் மணல்மேடு. பனியுகத்துப் பனியாறுகள் விட்டுப்போன மணலும் சரளையும்தான் அது. சுற்றிலும் கடல் ஆழமாக இருக்க, மேட்டின் மேல் ஆழம் சுமார் 30 மீட்டர்தான். ஓத நீரோட்டம் மேட்டின் சரிவில் மோதி, அடியிலிருக்கும் குளிர்ந்த, சத்து மிகுந்த நீரை மேலே தள்ளுகிறது. மேலே வெயில் இருக்கிறது. மிதவைத் தாவரங்கள் செழிக்கின்றன. அவற்றை நுண்விலங்குகள் மேய, நுண்விலங்குகளைச் சாண்ட் லான்ஸ் என்ற ஒல்லியான வெள்ளிநிற மீன்கள் தின்கின்றன. இந்த மீன் மணலுக்குள் புதைந்து ஒளிந்துகொள்ளும் பழக்கம் உடையது. அதனால் மணல் உள்ள இடத்தை விட்டு அதிகம் விலகாது.

இந்தச் சிறு மீனுக்காகத்தான் கரீபியன் கடலிலிருந்து கூன்முதுகுத் திமிங்கலங்கள் வருகின்றன. சுமார் 14 மீட்டர் நீளம், 30 டன் எடை. குளிர்காலத்தை வெப்பக் கடலில் குட்டி ஈன்றும் இணை தேடியும் கழிக்கும் இவை, அங்கே ஏறக்குறைய எதுவும் உண்பதில்லை. பல மாதப் பட்டினியை இங்கே வந்துதான் ஈடுகட்ட வேண்டும்.

அந்தரத்தில் துள்ளிப் பாயும் திமிங்கலத்தைப் படம்பிடிக்கத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், அது இரை பிடிப்பதைப் பார்ப்பதே பெரும்பேறு. முதலில் கடல்மட்டத்தில் வெளிர்பச்சைக் குமிழிகள் ஒவ்வொன்றாகத் தோன்றி வளையமாகச் சேரும். கீழே திமிங்கலம் சுற்றி நீந்திக்கொண்டே மூச்சுக்காற்றை விட்டுக்கொண்டிருக்கிறது. குமிழிச் சுவரைத் தாண்ட மீன்கள் அஞ்சி நடுவில் நெருக்கியடிக்கும். அடுத்த கணம் அந்த வளையத்துக்குள் அகன்ற வாய் மேலெழும். தாடையிலுள்ள சல்லடை வழியே நீர் வடிந்துவிட, மீன் உள்ளே தங்கும்.

இந்தத் திட்டைச் சுற்றியுள்ள திமிங்கலங்களிடம் இன்னொரு வித்தையும் உண்டு. குமிழி விடுமுன் வாலால் நீரை ஓங்கி அறைவது. 1980இல் ஒரு திமிங்கலம் இப்படிச் செய்ததை ஆய்வாளர்கள் முதன்முதலாகக் கண்டார்கள். ஹெர்ரிங் மீன் குறைந்து, சாண்ட் லான்ஸ் பெருகிய காலம் அது. 2007க்குள் இங்குள்ள திமிங்கலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதைக் கைக்கொண்டுவிட்டன. 27 ஆண்டுப் பதிவுகளை அலசி 2013இல் வெளியான ஆய்வு, அறையத் தெரிந்தவற்றோடு கூடித் திரிந்தவையே அதைக் கற்றன என்று காட்டியது. திமிங்கலம் திமிங்கலத்திடம் பாடம் கேட்டிருக்கிறது!

வாய் எழும் அதே நொடியில் பறவைகள் வந்து விழும். கடற்காகங்கள் சில சமயம் திமிங்கலத்தின் மூக்கின் மேலேயே உட்கார்ந்துவிடும். ஆனால் உற்றுப் பார்க்க வேண்டியவை, அலையை உரசிப் பறக்கும் பெரிய ஷியர்வாட்டர்கள். இவை பிறந்தது தென் அட்லாண்டிக்கின் நடுவே, ட்ரிஸ்டன் ட குன்யா, காஃப் தீவுகளில். அங்கே குளிர்காலம் என்பதால் பூமத்தியரேகையைக் கடந்து இங்கே வந்திருக்கின்றன. நீரில் கால் பதித்து நடப்பதாகத் தோன்றும் வில்சன் புயற்பறவையோ அண்டார்டிகாவின் பக்கத்திலிருந்து வருகிறது. அடையாளமே இல்லாத கடல்வெளியில் எப்படி இரையைத் தேடுகிறது? மோப்பத்தால். நுண்விலங்குகள் மிதவைத் தாவரங்களை மேயும்போது டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு வெளிப்படுகிறது. புயற்பறவைகள் அந்த மணத்தை நாடிப் பறப்பதை 1995இல் வெளியான சோதனைகள் உறுதிசெய்தன.

திமிங்கலம் உண்பதோடு நிற்பதில்லை. ஆழத்தில் இரை தின்று மேல்மட்டத்தில் கழிக்கிறது. அதிலுள்ள நைட்ரஜன் மிதவைத் தாவரங்களுக்கு உரமாகிறது. இந்தத் திட்டு அமைந்துள்ள மேய்ன் வளைகுடாவில் திமிங்கலங்களும் சீல்களும் சேர்ந்து ஆண்டுக்கு 23,000 டன் நைட்ரஜனை இப்படி மேலே கொண்டுவருகின்றன என்று 2010இல் கணக்கிட்டார்கள். அங்கே வந்து கலக்கும் ஆறுகள் அனைத்தும் தருவதைவிட அது அதிகம். ஆக, மீனைத் தின்னும் திமிங்கலமே அந்த மீனின் இரைக்கும் எருவிடுகிறது.

இந்தத் திட்டின் குறுக்கேதான் பாஸ்டன் துறைமுகத்துக்கான கப்பல் தடம் போய்க்கொண்டிருந்தது. கப்பல் மோதி இறந்த திமிங்கலங்கள் உண்டு. படகுகளில் சென்றவர்கள் 25 ஆண்டுக்கும் மேலாகக் குறித்துவைத்த இடங்களை வரைபடத்தில் போட்டபோது, திமிங்கலங்கள் மணல் படுகையின் மேலேயே மொய்ப்பது தெரிந்தது. சாண்ட் லான்ஸ் புதையும் மணல் அது. 2007இல் கப்பல் தடத்தைச் சற்றே வடக்கே, திமிங்கலம் குறைவாகக் கூடும் பகுதிக்குத் திருப்பினார்கள். கப்பல்களுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகின்றன, அவ்வளவுதான். கைவிட முடியாத வேலை இன்னொன்று மிச்சமிருக்கிறது: மீன்பிடிக் கயிறுகளில் திமிங்கலங்கள் இன்றும் சிக்குகின்றன.