கோட்டை மைதானத்தில் அடுத்து யார்?

பெங்களூர் சாமராஜப்பேட்டையில் ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939 முதல் ராமநவமிக் கச்சேரிகள் நடத்தி வருகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய மேடை அது.

2020-ல் ராமநவமி ஏப்ரல் 2. மார்ச் 25-லேயே ஊரடங்கு வந்துவிட்டது. கச்சேரிகள் தள்ளிப்போயின. சரக்கு ரயில்கள் மட்டும் ஓடியதால் நாங்கள் சிலர் வேலைக்குப் போனோம். இடைவேளையில் ஒரே பேச்சு: மறுபடி பந்தல் எழுந்தால் முதலில் யார் பாடுவார்?

"ஜேசுதாஸ்தான்" என்றார் ஒருவர்.

"அவருக்கு எண்பது வயதாகிறதே! ரஞ்சனி-காயத்ரி வரட்டும்" என்றார் மற்றவர்.

ரேஷன் வரிசையில் நின்ற தர்மபுரிப் பந்தல் தொழிலாளியிடம் இதைச் சொன்னேன். "யார் பாடினாலும் சரி, சார். பந்தல் போட்டால்தான் எனக்குக் கூலி" என்றார்.

எங்கள் பட்டியலில் மிருதங்கக்காரர், வயலின்காரர் பெயர்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.