எம்டன் குண்டு விழுந்த இடம்

1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடற்கரையை நெருங்கியது. போர் எங்கோ ஐரோப்பாவில் நடக்கிறது என்று நகரம் விளக்குகளை அணைக்காமல் இருந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் முதலில் குறிவைத்தது துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. அவை தீப்பிடித்து எரிந்தன. சுமார் 125 குண்டுகள் பாய்ந்தன. ஒன்று உயர் நீதிமன்ற வளாகத்தின் இந்தச் சுவரருகே விழுந்தது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, கப்பல் இருளில் மறைந்தது.

சேதத்தைவிடப் பெரியது பீதி. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு நகரைவிட்டு வெளியேறினர். பிரிட்டிஷ் கடற்படையை யாராலும் அசைக்க முடியாது என்ற நம்பிக்கை அந்த இரவில்தான் இங்கே ஆட்டம் கண்டது.

நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்தியது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது: எதற்கும் அஞ்சாத, யாருக்கும் பிடிகொடுக்காத ஆளை ‘சரியான எம்டன்’ என்கிறோம். கப்பலைக் கேள்விப்படாதவர்களும் சொல்கிறார்கள்.

தாக்குதலில் உயிரிழந்தோரையும் இங்கே நின்று ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.