சங்க வண்டியைக் கழுவும் முறை

நூல் சிப்பங்களையும் உர மூட்டைகளையும் ஏற்றிச் செல்வதற்காகக் கூட்டுறவுச் சங்கங்கள் மோட்டார் வண்டி வைத்திருப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. வண்டி வாங்குமுன் பொதுச்சபையில் நெடுநேரம் விவாதிக்கிறோம். வாங்கிய பின் அதைக் கழுவுவது எப்படி என்று எவரும் கேட்பதில்லை. இது அற்பக் காரியமன்று. வண்டி அங்கத்தினர் அனைவருக்கும் உரிய சொத்து. ஆண்டுதோறும் அதன் தேய்மானமும் பழுதுச் செலவும் அவர்களுடைய இலாபத்திலிருந்தே கழிகின்றன.

ஒரு சங்கத்தைப் பார்வையிடச் சென்றபோது நாம் கண்டதைக் கூறுவோம். அங்கு வண்டியை நாள்தோறும் கழுவி வந்தனர், சிரத்தையில் குறைவில்லை. ஆயினும் சலவைச் சோடாவையும் தேங்காய் நாரையும் கொண்டு தேய்த்ததால், ஆறு ஆண்டுகூட நிரம்பாத வண்டியின் வர்ணம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தது. பின்புறத்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், உரம் சிந்திய மூலைகளில் தகடு அரித்து, விரல் நுழையும் ஓட்டைகள் விழுந்திருந்தன. கழுவியவரைக் குறை கூறிப் பயனில்லை. முறையை அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

இக்கால வண்டிகளில் வர்ணத்தின்மேல் நிறமற்ற மெருகுப் பூச்சு ஒன்று உண்டு. அது தலைமயிரின் கனத்தைவிட மெல்லியது. வண்டியின்மேல் படியும் தூசியில் மணல் துகள்கள் கலந்திருக்கின்றன. உலர்ந்த துணியால் துடைத்தால் அத்துகள்கள் அரம்போல் பூச்சைக் கீறுகின்றன. பாவில் மணல் உராய்ந்தால் இழை என்னவாகும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தூசியைத் தேய்க்கலாகாது. நனைத்து, இளகச் செய்து, நீரோடு போக்க வேண்டும்.

அடுத்தது சோப்பு. சலவைச் சோப்பும் சோடாவும் காரமானவை. மெருகை மங்கச் செய்யும். உப்புச்சுவையுள்ள கிணற்று நீரில் சோப்பு சரியாக நுரைக்காமல், நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் கூடி வெண்திரையாகப் படியும். பாத்திரம் துலக்கும் தூளில் துகள் உண்டு, அதையும் விலக்குக. வண்டிகளுக்கென்றே விற்கப்படும் ஷாம்பு காரமின்றியும் வழவழப்பாகவும் இருப்பதால் மணல் கீறாமல் நழுவும். புட்டியில் குறித்துள்ள அளவுக்கு மேல் கலப்பது வீண் செலவு.

இனி முறையைக் கூறுவோம். வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு சூடு ஆறிய பின் தொடங்குக. வெயிலில் கழுவினால் நுரை காய்ந்து கறையாகும். முதலில் மேலிருந்து கீழாக வெறும் நீர் ஊற்றிச் சேற்றை இளக்குக. பறவை எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாமல், அதன்மீது ஈரத்துணியைச் சிறிது நேரம் போட்டு வைத்து எடுத்துவிடுக.

பின்னர் இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் தெளிந்த நீர். மென்மையான துணியை ஷாம்பு நீரில் தோய்த்து, கூரை, கண்ணாடி, முன்மூடி, பக்கங்கள் என்ற வரிசையில் அழுத்தாமல் நேராக இழுத்துத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியைத் தெளிந்த நீரில் அலசிப் பிழிந்த பின்னரே மீண்டும் ஷாம்பு நீரில் இடுக. இல்லையேல் எடுத்த மணலையே திரும்பப் பூசியவராவோம். சக்கரங்களைத் தனித் துணியால் இறுதியில் கழுவுக. தரையில் விழுந்த துணியை அலசாமல் எடுத்துத் துடைக்கலாகாது.

நுரை காயுமுன் நீர் விட்டு அலசி, உடனே ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். இதற்குப் பலமுறை வெளுத்த பழைய பருத்தி வேட்டி ஏற்றது. கஞ்சி போகாத புதுத்துணி உதவாது. ஜரிகைக் கரை இருந்தால் வெட்டி நீக்கிவிடுக, அதுவும் கீறும்.

விவசாய அங்கத்தினர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வண்டியின் தளமும் அடிப்பாகமும். பொட்டாஷ் உரமும் அம்மோனியம் சல்பேட்டும் உப்புகள். ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை விரைவில் அரிக்கும். உரம் ஏற்றிய நாளிலேயே சிந்தியதைக் கூட்டி அள்ளிவிட்டு, விரிப்பை எடுத்து மூலைகளைக் கழுவுக. கதவுகளின் அடியில் நீர் வடியும் சிறு துளைகளை மண் அடைத்திருந்தால் நீக்குக. தளம் நன்றாக உலருமுன் நூலோ ஜவுளியோ ஏற்றலாகாது. ஈரம் பட்ட சிப்பம் பூஞ்சணம் பிடிக்கும்.

சிக்கனமும் உண்டு. 15 லிட்டர் வாளியால் ஆறு வாளி நீர் செலவிட்டாலும் 90 லிட்டர்தான். நிமிடத்திற்கு 10 லிட்டர் விடும் குழாயை அரைமணி நேரம் திறந்துவிட்டால் 300 லிட்டர் வீணாகும். ஏரியிலோ வாய்க்காலிலோ வண்டியை இறக்கிக் கழுவுவது தகாது. மாடுகள் குடிக்கும் நீரில் எண்ணெயும் சோப்பும் கலக்கும்.

நிர்வாக சபையினர் இம்முறையை எழுதி வண்டிக் கொட்டகையில் ஒட்டிவைத்து, வண்டி ஓடும் கணக்குப் புத்தகத்தில் கழுவிய தேதிக்கும் கழுவியவர் கையொப்பத்திற்கும் ஒரு பத்தி ஒதுக்குவார்களாக. அடுத்த முறை பார்வையிட வரும்போது, கணக்குப் புத்தகத்தோடு விரிப்பையும் தூக்கிப் பார்ப்போம்.