பிள்ளைகள் கைப்பொருளில் ஈயம்: கடைக்காரர் பொறுப்பு என்ன?

இன்று நமது கடைகளில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. என்றாலும் பழைய இரும்பு எடைக்கற்களைப் பயன்படுத்திய உறுப்பினர்கள் பலர் நம்மிடையே உண்டு. அந்தக் கல்லில் உள்ள குழியில் ஈயம் அடைத்திருக்கும். அதன் மேல்தான் அதிகாரி முத்திரை குத்துவார். மெதுவான உலோகம் என்பதால் முத்திரை நன்றாகப் பதியும். நமது தொழிலுக்கு நம்பிக்கை தந்த அதே ஈயம், குழந்தையின் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் உள்ள அனுப்பம்பட்டில் ஒரு நாள் மாலை, கடைக்கு வழக்கமாக வரும் அம்மா ஒருவர் கேட்டார். வீட்டுக்காரர் பழவேற்காடு ஏரியில் தொழில் செய்பவர். கடை முகப்பில் தொங்கிய ஐந்து ரூபாய் பொம்மையைக் காட்டி, "அண்ணாச்சி, இதைப் புள்ள வாயில வச்சா ஈயம் உடம்புல ஏறிடும்னு சொல்றாங்களே, நெசமா?" என்றார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, ஊரே வாங்குது" என்று பதில் சொல்லி அனுப்பியது நான்தான். அவரும் நம்பி வாங்கிச் சென்றார். அந்தப் பொம்மையின் பெட்டியில் தயாரித்தவர் பெயரே இல்லை என்பதை இரவு கடை கட்டும்போதுதான் பார்த்தேன். தெரியாததைத் தெரிந்தது போல் சொன்னது தவறு. அதன் பிறகு விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றை உறுப்பினர்களுக்குத் தருகிறேன்.

இரண்டு ஈயம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயமாக இருக்க வேண்டும். அதில் அச்சமில்லை. எடைக்கல், பேட்டரி, வலைக்குண்டு ஆகியவற்றில் உள்ளது காரீயம். இதுதான் நஞ்சு. விலை குறைவு என்பதால் காரீயம் கலந்த சொம்பும் சந்தைக்கு வரக்கூடும். எனவே பாத்திர வியாபாரிகள் தெரிந்த இடத்தில் மட்டுமே கொள்முதல் செய்வது நல்லது.

காரீயப் பென்சில் என்ற பெயரைக் கேட்டுப் பெற்றோர் பயப்படுகிறார்கள். பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட் என்னும் கரி வகை. அதில் ஈயம் இல்லை. மேலே அடித்திருக்கும் வண்ணம் தரமானதா என்பதை மட்டும் கவனித்தால் போதும். வீட்டில் விளக்கெண்ணெய் விளக்கில் புகை பிடித்துச் செய்யும் மையிலும் ஈயம் இல்லை. பெயர் தெரியாத சுர்மா வேறு. அதில் சில வகைகள் ஈயக் கல்லையே பொடித்துச் செய்பவை. குழந்தையின் கண்ணுக்கு அது கூடாது.

ஏன் குழந்தைக்கு ஆபத்து?

பெரியவர்கள் உடலைவிடக் குழந்தையின் உடல், வாய் வழியாகச் செல்லும் ஈயத்தை நான்கு ஐந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்த அளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பதும் அந்நிறுவனத்தின் கருத்து. உடனே காய்ச்சலோ வாந்தியோ வராது. மெல்ல மெல்ல மூளை வளர்ச்சி பாதிக்கும், படிப்பில் கவனம் குறையும், இரத்த சோகை வரும். "பையன் மந்தம்" என்று வாத்தியாரும் வீட்டாரும் நினைத்துக்கொள்வார்கள். காரணம் யாருக்கும் தெரியாமலே போகும்.

1999-ல் பெங்களூரில் நடந்த மாநாட்டையொட்டி, சென்னை உள்ளிட்ட நகரங்களில் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் நடத்திய இரத்தப் பரிசோதனை முடிவுகள் வெளிவந்தன. சோதித்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஈயம் அளவு மீறி இருந்தது. அப்போது பெட்ரோலிலேயே ஈயம் கலந்திருந்தது. 2000-ல் அது நிறுத்தப்பட்டது. ஆயினும் தொல்லை தீரவில்லை. இந்தியாவில் சுமார் 27 கோடியே 50 லட்சம் குழந்தைகளின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக 2020-ல் யுனிசெஃப் அறிக்கை மதிப்பிட்டது.

நம் கடைப் பொருள்களில்

டெல்லி, மும்பை, சென்னைக் கடைகளில் வாங்கிய 111 பெயரில்லாப் பொம்மைகளை டாக்சிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு ஆராய்ந்தது. 2007-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, மெதுவான பி.வி.சி. பிளாஸ்டிக் பொம்மைகளில் ஈயமும் காட்மியம் என்ற மற்றொரு நச்சு உலோகமும் கூடக்குறைய இருந்தன. வண்ணம் பளபளக்கவும் பிளாஸ்டிக் கெடாமல் இருக்கவும் இவற்றைச் சேர்க்கிறார்கள். கவரிங் வளையல், தோடு, சாவிக்கொத்து, சட்டைப் பட்டன் போன்றவற்றிலும் இவை வரலாம். கவரிங் போட்ட இடத்தில் குழந்தைக்கு அரிப்பு வந்தால் பெரும்பாலும் அது நிக்கல் என்ற உலோகத்தின் வேலை.

இலவசமாகத் தருகிற பொருளிலும் எச்சரிக்கை தேவை. 2006-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், காலணி வாங்கினால் இலவசம் என்று கொடுத்த கைச்சங்கிலியின் பதக்கத்தை நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் விழுங்கி இறந்து போனான். அந்தப் பதக்கத்தில் 99 சதவீதம் ஈயம். கொடுத்தது பெயர் பெற்ற நிறுவனம். அது சுமார் 3 லட்சம் சங்கிலிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. தேயிலைப் பொட்டலத்தோடும் மிட்டாயோடும் நாம் கொடுக்கும் இலவசம் எங்கிருந்து வந்தது என்று என்றாவது கேட்டிருக்கிறோமா?

ஏரிக்கரை ஊர்களுக்கு

பழவேற்காட்டைச் சுற்றியுள்ள மீனவர் வீடுகளில் இன்னொரு பொருளும் உண்டு. வீச்சு வலையின் ஓரத்தில் கோக்கும் ஈயக்குண்டுதான் அது. சிறு பிள்ளைகளுக்கு அது கோலிக்குண்டு போல விளையாட்டுப் பொருள். பெரியவர்களே பல்லால் கடித்து நெரிப்பதும் உண்டு. ஈயம் 327 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும் என்பதால் வீட்டு அடுப்பிலேயே உருக்கிக் குண்டு வார்க்கலாம். சமைக்கும் இடத்தில் இது கூடவே கூடாது. தூசியும் புகையும் பாத்திரத்திலும் படுக்கையிலும் படியும். வலைச் சாமான் விற்கும் உறுப்பினர்கள் குண்டைத் தனிப் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்து, "பிள்ளைங்க கையில படாம வையுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பருப்பு நிறுக்கும் தட்டில் ஈயத்தை நிறுக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும் என்ற 2020-ம் ஆண்டு ஆணை, 1-1-2021 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. இந்த ஆணை தயாரிப்பாளருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் பொருந்தும். 2016-ம் ஆண்டு இந்திய தர நிர்ணய அமைவனச் சட்டம் முதல் தவறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம் என்று வகுத்தது. 2023 ஜனவரியில் விமான நிலையங்களிலும் பெரிய மால்களிலும் உள்ள கடைகளிலிருந்து முத்திரை இல்லாத 18,600 பொம்மைகள் பறிமுதல் ஆயின. பெரிய கடைக்கே இந்த நிலை என்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் அமலில் உள்ளது. அதற்கு முந்தைய பழைய டப்பா இருந்தால், தொட்டிலுக்கோ ஜன்னலுக்கோ விற்க வேண்டாம்.

நாம் செய்யக் கூடியவை

1. பில் இல்லாத பொம்மையை வாங்காதீர்கள். நாளை கேள்வி வந்தால், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட பில் ஒன்றுதான் துணை.

2. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால், உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

3. வண்ணம் உரிந்த பொம்மையை விலை குறைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

4. தின்பண்டத்தைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்க வேண்டாம். அச்சு மையிலும் ஈயம் இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்துள்ளது.

5. சந்தேகத்தோடு கேட்கும் பெற்றோரிடம் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அரசு மருத்துவமனை மருத்துவரிடம் அனுப்புங்கள். இரத்தப் பரிசோதனை ஒன்றே உறுதி சொல்லும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடலில் ஈயம் எளிதில் ஏறும். எனவே கீரையும் கேழ்வரகும் கொடுக்கச் சொல்லலாம். இரண்டும் நம் கடைச் சரக்குதானே!

முத்திரை உள்ள பொம்மை விலை கூடுதல், ஐந்து ரூபாய்க்குக் கிடைக்காது என்பது உண்மை. சில்லறை வியாபாரம் கொஞ்சம் குறையும். நானும் முகப்பில் தொங்கியவற்றைக் கழற்றி, மொத்த வியாபாரியிடம் பில் கேட்டேன். அவர் தரவில்லை. சரக்கைத் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார். அந்த நட்டம் என்னோடு போகட்டும்.

மறுவாரம் அந்த அம்மா வந்தபோது, பொம்மையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். "அஞ்சு ரூபாய்க்கா அண்ணாச்சி?" என்று சிரித்தார். ஆனால் மறக்காமல் கொண்டு வந்து கொடுத்தார். எடைக்கல்லில் முத்திரை பார்க்காமல் யாரும் நம்மிடம் சரக்கு வாங்காத காலம் ஒன்று இருந்தது. பிள்ளைகளின் பொருளுக்கும் அதே முத்திரையை நாமே முதலில் பார்ப்போம்.